என் பக்கம் இரண்டு கிலோ

செவ்வாய்ப்பேட்டை பஞ்சுக்கடை சாபிராவின் இமையில்
ஒரு துளிப் பஞ்சு ஒட்டியிருந்தது.
சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே
இலவம் என்ன விலை என்றேன்.

எந்த ஊரு?
ஏற்காடு. நாகலூர் பக்கம்.
அப்ப இலவம் வேண்டாம், என்றாள்
விற்க வேண்டியவளே.
தலையணைக்கு அது ராஜா, போர்வைக்கு ஆகாது.
ஒரு துவைப்பில் உருண்டு மூலைக்கு ஓடிப்போகும்,
விடிய விடிய வெறும் துணியைப் போர்த்திக் கிடப்பீங்க.
ஆனாலும் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.
மணிக்கட்டு வரை போன கை
எதையும் தொட்டதாகத் தெரியவில்லை.
வியர்த்தது மட்டும் தெரிந்தது.

அடுத்த சாக்கில் வெள்ளை வெளேரென்று ரெக்ரான்.
இணுக்கு பிய்த்துத் தீக்குச்சியில் காட்டினாள்.
சுருண்டு, கறுத்து, ஒரு மிளகாகி
சிமெண்டுத் தரையில் சொட்டியது.
பருத்தி எரிந்தது வேறு மாதிரி:
பரீட்சைத் தாள் எரியும் வாசனை,
ஊதினால் சாம்பல்.

பருத்தி ஈரம் குடிக்குமே, என்றேன்.
எங்கள் வீட்டில் மேகம் ஜன்னல் வழியே வந்து
அடுக்களையில் உட்கார்ந்து
உப்பு ஜாடியைக் கரைத்துவிட்டுத்தான் போகும்.
கார்த்திகையில் துவைத்த என் நர்ஸ் உடுப்பு
இன்னும் கொடியில்.
வெயில் அடிக்கிற அன்னைக்கு லீவு போடுங்க, என்றாள்.
போர்வையையும் காயவைங்க, நீங்களும் காயுங்க.

நான் ஆத்தூர்க்காரி.
வெயிலில் வெந்து வளர்ந்த எலும்பு.
தடுப்பூசி நாளில் குழந்தைகள் வீறிடுவது
ஊசிக்கு முன்பே, என் விரல் பட்டதும்.
ஞானசிகாமணி, மின்வாரிய லைன்மேன்,
மார்கழியிலும் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு
தோசைக்கல் மாதிரி கொதிக்கிறவர்.
பாதி ராத்திரி நான் இழுக்க
பாதி ராத்திரி அவர் உதைக்க
நடுவில் கிழிந்தது கல்யாணத்துக்கு வந்த கம்பளி.

ரெண்டு போர்வையா தைச்சிடலாமே, என்றாள் சாபிரா.
கல்யாணமாகிப் பதினொரு மாதம்.
நான் பதில் சொல்லவில்லை.
அவள் சிரித்ததில் இமைப் பஞ்சு ஆடியது, விழவில்லை.

ஒரே போர்வை.
என் பக்கம் இரண்டு கிலோ,
அவர் பக்கம் முக்கால்.
புதுப் பருத்தி, பழசை அடித்துச் சேர்க்காதது.
நாலு விரலுக்கு ஒரு தையல்,
நடுவில் மட்டும் இரட்டைத் தையல்,
காட்டு இலாகா வேலி மாதிரி.

அடுத்த வாரம் பஸ்ஸில் மடியில் கொள்ளாமல்
பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது.
இது ரெண்டு ஆளு எடம், என்றார் கண்டக்டர்.
மூணு கிலோகூட இல்லீங்க.
எடையை யாரு கேட்டா?
அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
என் மேலேயே சாய்ந்து வந்தது.

முதல் ராத்திரியே போன் அடித்தது.
சில்வர் ஓக் முறிந்து லைன் மேல் கிடக்கிறதாம்,
மஞ்சக்குட்டைக்கு அப்பால்.
டார்ச்சும் கையுறையுமாகப் போய்விட்டார்.
கரண்ட் இல்லாத வீட்டில்
என் இரண்டு கிலோவுக்கு அடியில்
அரை மணி நேரம் படுத்துப் பார்த்தேன்.
பஞ்சு சூடு தராது போலிருக்கிறது,
இருக்கிற சூட்டைப் பிடித்துத்தான் வைக்கும்.
என்னிடம் இருந்தால்தானே.
இரட்டைத் தையலைத் தாண்டி
அவர் கிடந்த பள்ளத்துக்கு உருண்டேன்.
முக்கால் கிலோ. இன்னும் வெதுவெதுப்பு.

மூன்றரைக்கு ஃபிரிஜ் உறுமியது.
நாலுக்குக் கதவு.
ஆள் நடுங்கி நான் பார்த்ததே இல்லை.
பல் தந்தியடிக்க
காலியான என் பக்கத்தில் நுழைந்தார்,
இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.
எவ்ளோ கிலோ இது?
தூங்குங்க, என்றேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
சாபிராவிடம் அந்த இமைப் பஞ்சைச்
சொல்லவே இல்லை.